செம்மறிக்கு மாதம் தெரிவது எப்படி? மார்ஷலின் கேள்வி

இங்கிலாந்துப் பண்ணைகளில் இலையுதிர் காலத்தில்தான் செம்மறி மந்தைக்குள் கிடாவை விடுவார்கள். ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து, புதுப்புல் முளைக்கும் வேளையில் குட்டிகள் பிறக்கும். எல்லாருக்கும் தெரிந்த இந்த வழக்கத்தை ஒரு கேள்வியாகப் பார்த்தவர் பிரான்சிஸ் மார்ஷல். ஆட்டின் உடலுக்கு மாதம் எப்படித் தெரிகிறது? ஹார்மோன் பாடம் படிக்கும் நமக்கு இவருடைய பெயரைப் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1878இல் பிறந்த மார்ஷல், கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு எடின்பரோவுக்குச் சென்றார். அங்கு செம்மறியின் சூலகத்தையும் கருப்பையையும் கட்டம் கட்டமாக ஆராய்ந்து, 1903இல் முடிவுகளை வெளியிட்டார். ‘ஹார்மோன்’ என்ற சொல்லே 1905இல்தான் வந்தது! அதே காலத்தில் ஜாலி என்பவரோடு சேர்ந்து, சூலகம் முட்டையை மட்டும் தருவதில்லை, இரண்டு வகைச் சுரப்புகளை இரத்தத்தில் கலக்கிறது என்று மார்ஷல் வாதிட்டார். ஒன்று சினைப்பருவத்தைத் தூண்டுவது. மற்றொன்று, முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் சுரந்து கருவைக் காப்பது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோனும் தனித்தெடுக்கப்பட மேலும் கால் நூற்றாண்டு ஆனது.

அந்த இரண்டின் வேலையையும் கருப்பை வாயில் கண்ணாலேயே பார்க்கலாம். செம்மறிக்குச் சினைப்பருவம் சுமார் 17 நாளுக்கு ஒருமுறை வரும். அப்போது ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் கருப்பை வாய்ச் சுரப்பிகள் தெளிந்த, நீர்த்த சளியை நிறையச் சுரக்கின்றன. விந்தணு நீந்திச் செல்ல அது வழி. முட்டை வெளியேறியபின் புரோஜெஸ்டரோன் கை ஓங்கும். சளி குறைந்து கெட்டியாகி வழியை அடைத்துவிடும். சினை பிடித்தால் அந்த அடைப்புதான் கருப்பையின் கதவு. கோடையில் பெரும்பாலான பெண் ஆடுகளில் இந்தச் சுழற்சியே நின்றுபோகும்.

ஏன் நிற்கிறது? 1908இல் கேம்பிரிட்ஜ் திரும்பிய மார்ஷலை இந்தக் கேள்வி கடைசிவரை விடவில்லை. இடையில், 1910இல், இனப்பெருக்க உடலியல் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் அத்துறைக்கே அடித்தளமானது. எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய 1937ஆம் ஆண்டுக் கட்டுரை. பூமத்திய ரேகையைத் தாண்டிக் கப்பலில் சென்ற விலங்குகளின் பதிவுகளை அவர் அதில் திரட்டினார். தெற்கே போன செம்மறிகள் பழைய மாதக் கணக்கைக் கைவிட்டு, அங்குள்ள இலையுதிர் காலத்துக்கு மாறிக்கொண்டன. அப்படியானால் கணக்கு முழுக்க உடலுக்குள் எழுதப்பட்டதல்ல. வெளியிலிருந்தும் சேதி வருகிறது. அது பகலின் நீளமாக இருக்கலாம் என்பதை அவர் அழுத்தமாக முன்வைத்தார்.

ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமாகவே இருக்கும் நம் ஊரில் வளர்ந்தவருக்கு இது சட்டென்று தோன்றாது. மலேசியாவின் மாலின் செம்மறி எந்த மாதத்திலும் குட்டி போடும்.

மார்ஷல் 1949இல் காலமானார். அதே ஆண்டில், கேம்பிரிட்ஜில் ஈட்ஸ் என்ற ஆய்வாளர், செயற்கை விளக்கொளியால் பகல் நீளத்தை மாற்றிச் செம்மறியின் இனப்பெருக்கப் பருவத்தையே இடம் மாற்றிக் காட்டிய ஆய்வை வெளியிட்டார். இருட்டின் நீளத்தை மூளைக்குச் சொல்லும் மெலடோனின் கண்டறியப்பட்டது அதற்கும் பின்னர், 1958இல்.