நுளம்பின் கணக்கை எழுதியவர்: சேர் றொனால்ட் றொஸ்

1934ஆம் ஆண்டின் மலேரியாக் கொள்ளைநோயைப் பற்றித் தம் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர் மாவனல்லையிற் பலர். அந்நோய் பெருகுவதும் தணிவதும் எவ்விதம் என்னுங் கணக்கை முன்னரே வகுத்தவர் சேர் றொனால்ட் றொஸ்.

அன்னார் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் 1857 மே 13இற் பிறந்தார். கவிதையில் நாட்டங் கொண்டிருந்தும், படைத்தலைவரான தந்தையாரின் விருப்பிற்கிணங்கி லண்டனில் மருத்துவங் கற்று, 1881இல் இந்திய மருத்துவச் சேவையிற் புகுந்தார். ஓய்வுப் பொழுதிற் கணித நூல்களை ஆசிரியரின்றித் தாமே பயின்றார். மருத்துவருக்குக் கணிதம் எதற்கென அன்று நகைத்தோரும் இருந்திருக்கக்கூடும்.

1897 ஓகஸ்ட் 20இல் செக்கந்தராபாத்தில், நோயாளியின் குருதியுண்ட நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். ஒற்றைக் கலத்தாலான அச்சிற்றுயிர் நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிவழியே பரவுமாற்றை மறுவாண்டு கல்கத்தாவிற் பறவைகளைக் கொண்டு நிறுவினார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். இத்தாலியரான கிராசியுடன் அவர் நிகழ்த்திய நெடும்பூசல் அப்பெருமைக்கு அழகன்று. அதனை விடுத்து மேற்செல்வோம்.

நுளம்பை முற்றாக ஒழித்தாலன்றி நோய் ஒழியாதென்றும், அஃது இயலாத காரியமென்றும் பலர் வாதிட்டனர். றொஸ் மறுத்தார். நோயுற்ற மாந்தர் தொகை நோயேந்திய நுளம்பின் தொகையைப் பொறுத்தது. நுளம்பின் தொகையோ மாந்தர் தொகையைப் பொறுத்தது. ஒன்றையொன்று பற்றிநிற்கும் இவ்விரு தொகைகளையும் சமன்பாடுகளாக்கி, 1908இல் மொரீசியஸ் தீவுக்கான அறிக்கையிலே தொடங்கிய கணக்கை 1911இல் விரிவாக்கினார். ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒரு புதுநோயாளி கூடத் தோன்றாதவாறு நுளம்பு குறையுமாயின், எஞ்சிய நுளம்புகள் பறந்து திரியினும் நோய் தானே மாயும். நுளம்பின் தொகைக்கு ஓர் எல்லை உண்டென்பதே அவர் கண்ட உண்மை. கணிதமறியாத தமிழாசிரியனாகிய எனக்கும் இது விளங்குகின்றது. அன்றைய மருத்துவர் பலருக்கோ விளங்கவில்லை.

விளங்கியவருள் ஒருவர் அல்பிரட் லொட்கா. 1923இல் இச்சமன்பாடுகளை ஆராய்ந்த அவரே, இரண்டாண்டு கழித்து, இரையும் இரைகொல்லியும் மாறிமாறிப் பெருகித் தேயுமாற்றைக் கணிதத்தால் வரைந்தார். குளத்து நீரிற் பற்றீரியாவும் அதனையுண்ணும் ஒருகல உயிரும் வளருமாற்றை அளப்போர் அவ்வழியையே பின்பற்றுகின்றனர்.

1932 செப்டெம்பர் 16இல் றொஸ் காலமானார். ஈராண்டில் எங்கள் பகுதியில் மழை பொய்த்தது. வற்றிய மகா ஓயா குட்டை குட்டையாகத் தேங்கிற்று. வழமையாக வெள்ளம் அடித்துச் செல்லும் குடம்பிகள் அக்குட்டைகளிற் செழித்தன. நுளம்பு அவ்வெல்லையைக் கடந்தது. முன்னர் மலேரியா அரிதாயிருந்தமையாற் கேகாலை மக்களின் உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை. 1935இல் நோய் தணியுமுன் இலங்கையில் மாண்டோர் ஏறத்தாழ 80,000 பேர்.