தொப்பியில் தொடங்கிய பாடம்

1814ம் ஆண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு நகரம். ஒரு வீட்டுத் தோட்டத்தில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக் கொண்டிருந்தனர். ஒரு சிறுமி மட்டும் விளையாட்டில் சேராமல் ஒதுங்கி நின்றாள்.

அவள் பெயர் ஆலிஸ் காக்ஸ்வெல். எட்டு, ஒன்பது வயது இருக்கும். இரண்டு வயதில் வந்த கடும் காய்ச்சலில் அவளுக்குக் காது கேட்காமல் போய்விட்டது. காது கேட்காததால் பேச்சும் மெல்ல மெல்ல நின்றுபோனது. அவளை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது? காது கேளாத பிள்ளைகளுக்கென்று நிலையான ஒரு பள்ளிகூட அப்போது அமெரிக்காவில் இல்லை!

பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் ஆலிஸைக் கவனித்தார். அருகில் போய்த் தன் தொப்பியைக் கழற்றி அவளிடம் காட்டினார். பிறகு மண்ணில், தொப்பி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் மூன்று எழுத்துகளை எழுதினார். தொப்பியைக் காட்டினார், எழுத்தைக் காட்டினார். மீண்டும் தொப்பி, மீண்டும் எழுத்து. அந்தக் கோடுகளுக்கும் தொப்பிக்கும் தொடர்பு உண்டு என்பது சிறுமிக்குப் புரிந்துவிட்டது. இந்த நிகழ்ச்சியை இன்றும் அமெரிக்காவில் கதையாகச் சொல்கிறார்கள்.

அந்த இளைஞர்தான் தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட். அமெரிக்காவில் காது கேளாதோர் கல்விக்கு வழி திறந்தவர்.

வழி தேடிய இளைஞர்

கேலடெட் 1787ம் ஆண்டு டிசம்பர் 10ம் தேதி பிலடெல்பியாவில் பிறந்தார். அவருக்கு 12 வயதானபோது குடும்பம் ஹார்ட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தது. படிப்பில் சுட்டி. 17 வயதிலேயே யேல் கல்லூரியில் பட்டம் பெற்றுவிட்டார்!

ஆனால், என்ன வேலை செய்வது என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்தது. சட்டம் பயின்றார்; உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று பொருள் விற்கும் வேலை பார்த்தார், மனம் ஒட்டவில்லை. கடைசியில் பாதிரியார் ஆவதற்கான படிப்பை 1814ல் முடித்தார். இந்தச் சமயத்தில்தான் ஆலிஸின் தொப்பிப் பாடம் நடந்தது.

ஆலிஸின் அப்பா மேசன் காக்ஸ்வெல் பெயர் பெற்ற மருத்துவர். தன் மகளைப் போன்ற பிள்ளைகள் வேறு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விசாரித்திருந்தார். கனெக்டிகட் மாநிலத்தில் மட்டும் 80 பேருக்கு மேல் இருப்பது தெரிந்தது. அத்தனை பேருக்கும் ஒரு பள்ளி வேண்டும். பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியோ கடல் கடந்த ஐரோப்பாவில்தான் கிடைக்கும்!

1815 ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டு பெரியவர்கள் கூடிப் பேசினர், பணம் திரட்டினர். போய்க் கற்று வர கேலடெட் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே கப்பல் ஏறிவிட்டார். அவருக்கென்று பாடப்புத்தகம் இல்லை. பயிற்சிப் பள்ளி இல்லை. யாரிடம் கற்பது என்பதைக்கூட அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மூடிய கதவுகள்

பிரிட்டனில் அப்போது காது கேளாதோர் கல்வி பிரெய்ட்வுட் என்ற குடும்பத்தின் கையில் இருந்தது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், வாயால் பேசவும் பழக்குவதே அவர்கள் முறை. அதை அவர்கள் குடும்ப ரகசியமாகப் பாதுகாத்து வந்தனர்.

லண்டன் பள்ளியில் கேட்டபோது, மூன்று ஆண்டுகள் உதவியாளராக வேலை செய்தால் கற்றுக்கொள்ளலாம் என்றனர். ஆலிஸ் அத்தனை நாள் காத்திருக்க முடியுமா? ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குப் போனார். அங்கிருந்த ஆசிரியருக்குச் சொல்லித்தர விருப்பம்தான். ஆனால், இந்த முறையைப் பிறருக்குக் கற்றுத் தருவதில்லை என்று பிரெய்ட்வுட் குடும்பத்துக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்தார். பாவம், அவராலும் உதவ முடியவில்லை.

அலைந்து அலைந்து மாதங்கள் ஓடின. கையில் இருந்த பணமும் கரைந்தது. வேறொருவராக இருந்தால் ஊர் திரும்பியிருப்பார். கேலடெட்டுக்கோ லண்டனில் பார்த்த ஒரு காட்சி நினைவில் இருந்தது.

பாரிஸ் நகரின் காது கேளாதோர் பள்ளித் தலைவர் சிக்கார், தம் முன்னாள் மாணவர்கள் இருவருடன் 1815ல் லண்டன் வந்திருந்தார். ழான் மாஸ்யூ, லாரன்ட் கிளெர்க் என்பது அவர்கள் பெயர். இருவருக்கும் காது கேட்காது; இருவரும் அதே பள்ளியில் ஆசிரியர்கள்! அவையோர் கேட்ட கேள்விகள் சைகையில் அவர்களுக்குச் சொல்லப்பட்டன. அவர்கள் பதிலை எழுதிக் காட்டினர். கடினமான கேள்விகளுக்கும் அறிவார்ந்த பதில்கள் வந்தன. கூட்டம் வியந்தது. கேலடெட்டைப் பாரிசுக்கு வரும்படி சிக்கார் அழைத்திருந்தார். 1816 மார்ச் மாதம் கேலடெட் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

திறந்த கதவு

பாரிஸ் பள்ளியைத் தொடங்கியவர் லெப்பே என்ற பாதிரியார். 18ம் நூற்றாண்டின் நடுவில் அவர் காது கேளாத சகோதரிகள் இருவரைச் சந்தித்தார். காது கேளாதோர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சைகைகளைக் கவனித்துக் கற்றார். அவற்றைக் கொண்டே பாடம் நடத்தினார். தம் முறையை அவர் ஒளித்து வைக்கவில்லை. கற்க வந்தவர்களுக்கெல்லாம் கற்றுத் தந்தார். அந்த வழக்கம் பள்ளியில் தொடர்ந்தது.

எனவே கேலடெட்டுக்கு அங்கே ரகசியம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்தார். மாஸ்யூவும் கிளெர்க்கும் அவருக்குத் தனிப்பாடம் நடத்தினர். யேல் கல்லூரிப் பட்டதாரி இப்போது ஒன்றாம் வகுப்பு மாணவர்! ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விரல் நிலை. அதைப் பழகியதும் சொற்களுக்கான சைகைகள்.

சைகை மொழி என்றால் கையை ஆட்டுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கையின் வடிவம், அது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது, எப்படி அசைகிறது என்ற மூன்றும் சேர்ந்தே ஒரு சொல்லாகும். இதில் ஒன்று மாறினாலும் பொருள் மாறிவிடும். முகமும் பேச வேண்டும். புருவத்தை உயர்த்துவதே சில சைகை மொழிகளில் கேள்விக்குறி! இத்தனையும் பழகக் காலம் வேண்டும் அல்லவா?

கேலடெட்டிடமோ காலமும் இல்லை, காசும் இல்லை. சுமார் மூன்று மாதத்தில் ஊர் திரும்ப வேண்டிய நிலை. அரைகுறையாகக் கற்றதை வைத்து எப்படிப் பள்ளி நடத்துவது? அப்போது அவர் ஒரு நல்ல முடிவு எடுத்தார். தம் ஆசிரியரையே அமெரிக்காவுக்கு அழைத்தார்!

52 நாள் கப்பல் வகுப்பு

லாரன்ட் கிளெர்க் 1785ல் பிரான்சில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். ஒரு வயதில் நாற்காலியிலிருந்து தீயில் விழுந்ததில் அவர் கன்னத்தில் தழும்பு உண்டானது. காது கேட்காமல் போனதற்கும் அந்த விபத்தே காரணம் என்று வீட்டார் நம்பினர். காது கேளாதோர் ஒருவருக்கொருவர் சைகைப் பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். இரண்டு விரல்களால் கன்னத்தைத் தடவிக் காட்டினால் அது கிளெர்க்! அந்தத் தழும்பே அவர் பெயராகிவிட்டது.

தாய்நாட்டை விட்டு, தெரியாத மொழி பேசும் நாட்டுக்குப் போவது எளிதா? கிளெர்க் துணிந்தார். மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1816 ஜூன் 18ல் மேரி அகஸ்டா என்ற கப்பலில் இருவரும் புறப்பட்டனர்.

பாய்மரக் கப்பல் பயணம் 52 நாள் நீடித்தது. கப்பலே வகுப்பறை ஆயிற்று. கிளெர்க் கேலடெட்டுக்குச் சைகை மொழி கற்பித்தார். கேலடெட் கிளெர்க்குக்கு ஆங்கிலம் கற்பித்தார். ஒருவருக்கொருவர் ஆசிரியர், ஒருவருக்கொருவர் மாணவர்! கிளெர்க் தினமும் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதிப் பழகினார். அந்த நாட்குறிப்பு அழியாமல் இன்றும் இருக்கிறது.

ஆகஸ்ட் 9ல் நியூயார்க்கில் இறங்கினர். ஹார்ட்ஃபோர்டு சென்றதும் கிளெர்க் ஆலிஸைச் சந்தித்தார். இருவரும் சைகையால் பேசிக்கொண்டனர். தன்னைப் போலவே காது கேளாத ஒருவர், படித்த பெரிய மனிதராக, ஆசிரியராக எதிரில் நிற்பதை ஆலிஸ் பார்த்தாள்!

பள்ளிக்கூடம் பிறந்தது

இருவரும் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினர். கேலடெட் பேசுவார், கிளெர்க் எழுதிய உரைகள் மேடைகளில் படிக்கப்படும். கனெக்டிகட் மாநில அரசு 5,000 டாலர் கொடுத்தது. 1817 ஏப்ரல் 15ல் ஏழு மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. முதலில் பெயர் பதிந்தவள் ஆலிஸ்!

பல ஊர்களிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். தங்கள் வீட்டில் பயன்படுத்திய சைகைகளையும் கொண்டுவந்தனர். மார்த்தாஸ் வினியார்டு என்ற தீவிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். அந்தத் தீவில் பரம்பரையாகக் காது கேளாதோர் பலர் இருந்தனர். ஆகையால் அங்கே காது கேட்பவர்களும் சைகையில் பேசுவார்கள்! இவர்களின் சைகைகளும், கிளெர்க் கொண்டுவந்த பிரெஞ்சுச் சைகைகளும் கலந்து, அமெரிக்கச் சைகை மொழி வளர்ந்தது. இங்கே படித்தவர்கள் பலர் ஆசிரியர்களாகி வேறு மாநிலங்களுக்கும் அதைக் கொண்டு சென்றனர். மூன்று ஆண்டுக்கு வந்த கிளெர்க், 1869ல் இறக்கும்வரை அமெரிக்காவிலேயே வாழ்ந்தார்.

கேலடெட் 1821ல் தம் பள்ளியின் முதல் மாணவியரில் ஒருவரான சோஃபியா ஃபவுலரை மணந்தார். அவருக்கும் காது கேட்காது. எட்டுக் குழந்தைகள் பிறந்தனர். அம்மாவிடம் பேசும் மொழி என்பதால், சைகை மொழி அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி ஆயிற்று!

ஆசிரியர் வேலைக்கு வருவோர் முறையாகப் பயிற்சி பெற வேண்டும் என்றும் கேலடெட் வலியுறுத்தினார். ஆசிரியர் பயிற்சி நிலையங்கள் தேவை என்று 1825லேயே எழுதினார். அமெரிக்காவின் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1839ல்தான் வந்தது. பயிற்சி தேடிக் கடல் கடந்து அலைந்தவர் அல்லவா? அதன் அருமை அவருக்குத் தெரியாதா என்ன!

1830ல் அவர் பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஆண்டு டிசம்பரில் டாக்டர் காக்ஸ்வெல் காலமானார். அப்பாவின் பிரிவைத் தாங்க முடியாத ஆலிஸ், சில வாரங்களில் தானும் மறைந்தார். அவருக்கு அப்போது வயது 25. கேலடெட் பிறகு குழந்தைகளுக்காக நூல்கள் எழுதினார். மனநல மருத்துவமனையில் பாதிரியாராகப் பணி செய்தார். 1851 செப்டம்பர் 10ல் உலகை விட்டுப் பிரிந்தார்.

தடையும் வெற்றியும்

கதை இத்துடன் முடியவில்லை. 1880ல் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மாநாடு நடந்தது. வகுப்புகளில் சைகை கூடாது, வாயால்தான் பேச வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டனர். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். விளைவு? பல நாட்டுப் பள்ளிகளில் சைகை தடுக்கப்பட்டது. வகுப்பறைகளில் பிள்ளைகளின் கைகள் ஊமையாக்கப்பட்டன.

ஆனால், கேலடெட்டின் கடைசி மகன் எட்வர்டு தலைமையில் வாஷிங்டனில் வளர்ந்த கல்லூரி, சைகை மொழியைக் கைவிடவில்லை. 1894 முதல் அந்தக் கல்லூரி தாமஸ் கேலடெட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே ஆசிரியராக இருந்த வில்லியம் ஸ்டோக்கி, சைகை மொழிக்கும் மற்ற மொழிகளைப் போல முறையான அமைப்பு உண்டு என்று 1960ல் எடுத்துக்காட்டினார். 2010ல் கனடாவின் வான்கூவரில் கூடிய இதே மாநாடு, மிலான் தீர்மானங்களுக்கு வருத்தம் தெரிவித்தது. தவறு என்று சொல்ல 130 ஆண்டு ஆகியிருக்கிறது!

குழந்தைகளே, தொப்பியைக் காட்டி ஒரு சொல்லைக் கற்பித்ததோடு கேலடெட் நின்றிருக்கலாம். ஆலிஸின் உலகத்துக்குள் போக வேண்டுமானால் அவளைப் போன்றவர்களின் மொழியைத் தாம் கற்க வேண்டும் என்று உணர்ந்தார். அதற்காகக் காது கேளாத ஒருவர் முன் மாணவராக உட்கார்ந்தார். அதுதான் அவர் பெருமை.

உங்கள் தெருவிலோ பள்ளியிலோ காது கேளாத பிள்ளை இருந்தால் கேலி செய்யாதீர்கள். காதருகே போய்க் கத்தாதீர்கள். முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில் நின்று பேசுங்கள். கூப்பிட வேண்டுமானால் கையை அசையுங்கள், அல்லது தோளை மெல்லத் தொடுங்கள். வணக்கம், நன்றி, சாப்பிட்டாயா என்பதற்கெல்லாம் சைகை என்ன என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு புதிய மொழியும் கிடைக்கும், ஒரு நல்ல நண்பரும் கிடைப்பார்!

தெரிந்துகொள்ளுங்கள்!

* உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி கிடையாது. இந்தியச் சைகை மொழி வேறு. அமெரிக்கச் சைகை மொழி வேறு.

* ஆங்கில எழுத்துகளை விரலால் காட்ட, அமெரிக்காவில் ஒரு கை போதும். இந்தியாவில் பெரும்பாலான எழுத்துகளுக்கு இரண்டு கைகளும் வேண்டும்.

* வாஷிங்டனில் உள்ள கேலடெட் பல்கலைக்கழகத்தில், ஆலிஸுக்கு கேலடெட் முதல் எழுத்தைக் கற்பிப்பது போன்ற சிலை இருக்கிறது.

* 1988ல் அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் போராடி, காது கேளாத ஒருவரை முதல்முறையாகத் தலைவராக்கினர்.

* செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம். ஐக்கிய நாடுகள் சபை 2017ல் இதை அறிவித்தது.