தந்தையின் உச்சரிப்பை விட்டுவந்தவர்

மாத்தளை மாவட்டம் இரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். செய்தி சேகரிக்க முதன்முதலில் கிளிநொச்சிக்குப் போனபோது நான் வர்றேன் என்றதைக் கேட்டு ஒருவர் சிரித்தார். அங்கே அது வாறன். எந்தத் தோட்டம் என்று அடுத்த கேள்வி வந்தது.

அந்தச் சிரிப்பு உறுத்தியதற்குக் காரணம் உண்டு. 1983 இல் காடையர்கள் வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, நாக்கு தடுமாறியவரைத் தமிழர் என்று பிடித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வேதாகமத்திலும் இதே கதை இருக்கிறது. யோர்தான் ஆற்றுத் துறையில் ஷிபோலேத் என்று சொல்லத் தெரியாமல் சிபோலேத் என்ற எப்பிராயீமர் கொல்லப்பட்டார்கள்.

அந்த எபிரேய மொழியை மீண்டும் வீட்டுப் பேச்சாக்கியவர் எலியேசர் பென் யெகூதா. 1858 இல் இன்றைய பெலாரஸிலுள்ள லுஷ்கியில் பிறந்தார். வீட்டில் இத்திஷ் பேசினார்கள். எபிரேயம் வழிபாட்டு மொழி. கிழக்கு ஐரோப்பிய யூதர் ஓய்வுநாளை ஷபோஸ் என்றார்கள். ஸ்பெயின் வழிவந்த செபார்டி யூதருக்கு அது ஷபாத். யேமன் யூதரோ அடித்தொண்டை எழுத்துகளையும் விடாமல் ஒலித்தார்கள்.

பாரிஸில் மருத்துவம் படிக்கையில் காசநோய் கண்டது. உடல்நலத்துக்காக அல்ஜியர்ஸ் போனவர், அங்கே செபார்டி யூதரோடு எபிரேயத்தில் பேசினார். தந்தையின் உச்சரிப்பை விட்டு அவர்களுடையதைத் தேர்ந்தார். 1881 இல் எருசலேமில் குடியேறினார். அடுத்த ஆண்டு பிறந்த மகனை எபிரேயம் மட்டுமே கேட்டு வளரச் செய்தார். பத்திரிகை நடத்தினார். புனித மொழியைச் சந்தைக்கு இழுப்பதாகக் கோபப்பட்டவர்களின் முறைப்பாட்டால் ஒட்டோமான் சிறைக்கும் போனார். மனைவி தெபோராவையும் மூன்று பிள்ளைகளையும் நோயில் இழந்தார். 1922 இல் இறந்தபோது அவரது பேரகராதி முடிந்திருக்கவில்லை. 17 தொகுதிகளும் நிறைவுபெற 1959 ஆனது.

உச்சரிப்புக் கதை அத்தோடு முடியவில்லை. ஐரோப்பியர் நாவில் செபார்டி ஒலியின் தொண்டை எழுத்துகள் தேய்ந்தன. 1948 இல் பெருந்தொகைப் பலஸ்தீனர் வீடிழந்து இஸ்ரேல் உருவான பின், யேமனிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்த யூதர் பழைய ஒலிகளோடு பேசினார்கள். அந்த உச்சரிப்பே நாகரிகமற்றதென இளக்காரமாகப் பார்க்கப்பட்டது. பிள்ளைகள் பலர் அதை மறைத்தார்கள்.

இந்த மறைப்பை நான் வன்னியில் பார்த்திருக்கிறேன். 1977, 1983 வன்முறைகளில் மலையகத்திலிருந்து ஓடிவந்து, பிறகு போரையும் அங்கேயே தாங்கிய குடும்பங்கள் உண்டு. அவர்களின் பிள்ளைகளில் சிலர் பாடசாலை வாசலில் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். உச்சரிப்பால் உயிர்போகும் என்று அறிந்த நாமே அந்தப் பிள்ளைகளை அப்படி மாற வைக்கலாமா?

கிளிநொச்சியில் நான் இன்றும் வர்றேன் என்றுதான் சொல்கிறேன்.