பண்ணைப்புரத்துப் பாவலர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் பண்ணைப்புரம். இசையமைப்பாளர் இளையராஜா பிறந்த ஊர் என்பதால் இன்று தமிழுலகம் முழுவதும் அவ்வூரை அறியும். ஆயினும், 1976இல் 'அன்னக்கிளி' வெளிவருவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே பண்ணைப்புரத்தின் பெயரை ஊர் ஊராக எடுத்துச் சென்ற ஒருவர் உண்டு. ஆர்மோனியப் பெட்டியும் தாமே புனைந்த பாட்டுமாகப் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடிய பாவலர் வரதராஜன் அவர். 1973இல் அவர் மறைந்தார். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவருடைய வாழ்வை எண்ணும்போது, மண்ணில் பிறந்த பாட்டுக்கும் அரசு நடத்திய வானொலிக்கும் இடையே நின்ற தடுப்புச் சுவர் ஒன்றும் கண்முன் எழுகிறது.

பாவலரின் தந்தையார் இராமசாமி மலைத்தோட்டத்தில் பணிபுரிந்தவர். பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோர் பாவலரின் இளவல்கள். 1943இல் பிறந்த இளையராஜா சிறுவனாக இருக்கும்போதே தந்தையார் காலமானார். ஒடுக்கப்பட்ட குடியில், வறுமைக்கு நடுவில் வளர்ந்த அக்குடும்பத்தில் மூத்தவராகிய வரதராஜனின் பாட்டே இளையோர்க்கு முதற்பள்ளியாக அமைந்தது. 'பாவலர்' என்பது பாடும் திறத்தால் அவருக்கு வாய்த்த பெயர். நாளடைவில் இயற்பெயரை முந்திக்கொண்டு அதுவே நிலைத்தது.

கம்பம் பள்ளத்தாக்கு பாட்டுக்குப் பஞ்சமில்லாத நிலம். நடவுக்கும் களையெடுப்புக்கும் பாட்டு உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் வீடுதோறும் உண்டு. கோயில் கொடையில் கும்மியும் கோலாட்டமும் உண்டு. விடிய விடிய நடக்கும் நாடகங்களில் ஆர்மோனியமும் மிருதங்கமும் உண்டு. இவை அனைத்தையும் கேட்டு வளர்ந்த பாவலர், அந்த மெட்டுகளையும் மக்கள் வாயில் புழங்கிய திரைப்பட மெட்டுகளையும் தம் கருத்துக்கு ஊர்தியாக்கிக்கொண்டார். மெட்டு கேட்போருக்கு முன்பே அறிமுகமானது; சொல் மட்டுமே புதியது. ஆதலின் முதல் அடியைக் கேட்டதும் கூட்டம் மெட்டில் கலந்துவிடும். இரண்டாம் அடியில் புதிய பொருள் நெஞ்சில் தைக்கும். கூலி, நிலம், விலைவாசி, சாதி, வாக்குரிமை என்று எப்பொருளாயினும் அன்றைய ஊர்ச் செய்தியோடு இணைத்துப் பாடுவது அவர் முறை. இவற்றுள் மேடையேறும் வேளையிலேயே கட்டப்பட்ட பாட்டும் உண்டு.

அக்காலத்தில் பள்ளத்தாக்கு மக்களின் காதுக்கு எட்டிய மற்றொரு குரல் வானொலி. சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பெற்றன. மதுரைக்கு நிலையம் வாய்த்ததோ 1987இல்தான். அதுவரை திருச்சியையும் கடல் கடந்த இலங்கை வானொலியையும் நம்பியே இப்பகுதி மக்கள் வானொலிப் பெட்டியைத் திருகினர். வீட்டுக்கு ஒரு பெட்டி என்பது எட்டாக் கனவு. ஊராட்சி மன்றத்து வானொலியைச் சூழ்ந்து மாலையில் கூடி அமர்ந்து கேட்பதே வழக்கம். அப்பெட்டியில் நாட்டுப் பாடலுக்கும் சிறிது நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. குரல் தேர்வில் வெற்றி பெற்றவர்கள், முன்னரே ஒப்புதல் பெற்ற பாடல்களை, வகுத்த நேரத்துக்குள் ஒலிக்கூடத்தில் பாட வேண்டும். ஒலிப்பதிவு பரவலாவதற்கு முன்பு பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரடியாகவே ஒலிபரப்பாயின. ஆகவே பாடுவோர் அடி பிறழாமலும் நேரம் தவறாமலும் பாட வேண்டியிருந்தது.

பாவலரைப் போன்ற கலைஞருக்கு இந்த ஒலிக்கூடத்தின் கதவு இரு வகையில் அடைபட்டிருந்தது எனலாம். முதலாவது தடை, கருவி பற்றியது. ஆர்மோனியம் இந்திய இசையின் நுட்பமான சுரங்களுக்கு இடங்கொடாத அயல்நாட்டுக் கருவி என்று கருதி, அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியது. அப்போது வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லயனல் ஃபீல்டன் என்னும் ஆங்கிலேயர். ஆங்கிலேயர் ஆட்சி மாறிய பின்னும் அத்தடை மாறவில்லை. 1971 வரை நீடித்தது. சங்கீத அறிஞர் பலரும் அவ்விலக்கத்தை வரவேற்றனர். அவர்கள் கூறிய காரணம் இசையிலக்கண நோக்கில் பொருளற்றதன்று. ஆனால், தமிழக ஊர்ப்புறங்களில் நாடகத்துக்கும் பசனைக்கும் இயக்கப் பாட்டுக்கும் சுருதியும் துணையுமாக நின்றது அந்தப் பெட்டியே. தோளில் சுமந்து செல்லலாம். பிற கருவிகள் இல்லாத இடத்தும் ஒருவர் குரலுக்கு அது ஒன்றே போதும். பாவலரின் பொதுவாழ்வு முழுவதும் ஏறக்குறைய அந்த முப்பத்தோராண்டுத் தடைக்குள் அடங்கிவிட்டது என்பது எண்ணத்தக்கது.

இரண்டாவது தடை, சொல் பற்றியது. வானொலி அரசுடைமை, கட்சி அரசியலுக்கு அங்கு இடமில்லை. தேர்தல் காலத்தில் அரசியல் கட்சிகள் வானொலியில் பேசுவதற்கே 1977இல்தான் வழி பிறந்தது. 1952 முதல் பத்தாண்டுக் காலம் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக விளங்கிய பி.வி. கேஸ்கர் செவ்வியல் இசையை வளர்ப்பதில் பேரார்வம் கொண்டவர். திரையிசையை வானொலியிலிருந்து ஒதுக்கியவர். அதன் விளைவாக நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. திரை மெட்டில், ஆர்மோனியத் துணையுடன், ஆளுங்கட்சியை எள்ளிப் பாடிய கலைஞருக்கு அந்த வானலையில் என்ன இடம் இருந்திருக்க முடியும்?

இவ்விடத்து அயல்நாட்டுச் செய்தி ஒன்றை ஒப்புநோக்குவது தகும். நியூயார்க் நகராட்சி நடத்திய டபிள்யூ.என்.ஒய்.சி. வானொலி, 1940களின் தொடக்கத்தில் லெட்பெல்லி என்னும் கறுப்பினப் பாடகருக்கு நிகழ்ச்சி வழங்கியது. அவர் சிறைவாசம் அனுபவித்தவர். வயலிலும் சிறையிலும் புழங்கிய பாட்டுகளைச் சுமந்து வந்தவர். அதே நிலையத்தில் ஆஸ்கார் பிராண்ட் 1945இல் தொடங்கிய நாட்டுப்பாடல் நிகழ்ச்சி எழுபதாண்டுகள் தொடர்ந்தது. பொதுவுடைமையாளர் என்ற ஐயத்தால் பிற நிறுவனங்கள் ஒதுக்கிய பாடகர்களும் அங்கே வந்து பாடினர். பொதுப் பணத்தில் நடக்கும் வானொலி, அதிகாரம் விரும்பாத பாட்டுக்கும் செவி கொடுக்க இயலும் என்பதற்கு அது சான்று. அத்தகைய செவி பாவலரின் காலத்தில் இங்கு வாய்க்கவில்லை. ஆகவே தெருமுனையும் தோட்டக் குடியிருப்பும் தேர்தல் மேடையுமே அவருக்கு ஒலிக்கூடங்கள் ஆயின. ஒலிபெருக்கியே அவருக்கு வானலை ஆயிற்று.

அந்த வானலை மலையையும் தாண்டியது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ்த் தொழிலாளர் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்துடன் இணைந்தன. 1957இல் அம்மாநிலத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி அமைத்தது. அவ்வாட்சிக்குச் சட்டமன்றத்தில் இருந்த பெரும்பான்மை மிகச் சிறியது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானதால், 1958இல் அங்கு இடைத்தேர்தல் வந்தது. ஓரிடமும் இழக்கலாகாது என்ற நிலையில் இரு மாநிலமும் உற்றுநோக்கிய தேர்தல் அது.

தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த வாக்காளர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். எழுத்தறிவு அற்றவர் மிகப் பலர். மலையாள மேடைப் பேச்சும் அச்சடித்த துண்டறிக்கையும் எட்டாத இடத்துக்குப் பாவலரின் பாட்டு எட்டியது. காங்கிரசின் அன்றைய சின்னமாகிய இரட்டைக் காளையை எள்ளி அவர் பாடிய பாட்டு, தோட்டத் தொழிலாளரின் நாவில் நின்றது. போடிமெட்டு வழியே மலையேறிப் பிழைக்கச் சென்றோர்க்குத் தங்கள் ஊர்ப் பேச்சே பாட்டாகி வந்து நின்றால் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! ரோசம்மா புன்னூசு முன்னிலும் மிகுதியான வாக்கு வேறுபாட்டில் வெற்றி பெற்றார். அவ்வெற்றியைப் பாவலருக்கு உரியதாக்கி முதலமைச்சரே மேடையில் பாராட்டினார் என்பது அக்குடும்பத்தாரும் இயக்கத்தாரும் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

அதன்பின் பாவலரின் குழு தமிழகத்தின் பல பகுதிகளுக்கும் சென்றது. இளவல்கள் ஒவ்வொருவராக அதில் இணைந்தனர். பாவலர் சகோதரர்கள் என்ற பெயர் நிலைபெற்றது. குரல் உடையாத பருவத்தில் பெண் குரல் பகுதிகளைப் பாடிய இளையராஜா, குரல் உடைந்த பின் ஆர்மோனியத்துக்கு மாறினார். அந்த ஆர்மோனியம் பாவலர் கோயம்புத்தூரில் வாங்கியது. தம்பியர் தொட்டால் அண்ணன் பிரம்பால் அடிப்பார். அண்ணன் இல்லாத வேளையில் ஒளிந்து வாசித்துப் பழகிய பெட்டியே பின்னாளில் எண்ணற்ற பாடல்களின் பிறப்பிடம் ஆயிற்று.

1960களின் இறுதியில் தம்பியர் மூவரும் சென்னைக்குப் புறப்பட முனைந்தனர். கையில் பொருளில்லை. தாயார் சின்னத்தாய் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை நானூறு ரூபாய்க்கு விற்று, தமக்கென ஒரு காசும் எடுத்துக்கொள்ளாது மக்களிடம் கொடுத்தார். பாவலரின் குரலுக்கு இடமில்லாத வானொலி, அவ்வீட்டில் ஒரு பொருளாக மட்டும் இருந்து, விலையாகி, தம்பியரின் வழிச்செலவாயிற்று. இதில் உள்ள முரணைக் கவிஞர்கள் எளிதில் உணர்வர்.

பாவலர் 1973இல் மறைந்தார். மூன்றாண்டுகளில் 'அன்னக்கிளி' வந்தது. நடவுப் பாட்டின் சாயலும் தாலாட்டின் குழைவும் இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் நாள்தோறும் ஒலித்தன. பள்ளத்தாக்கின் இசை ஒருவாறு வானலை ஏறியது. அதனைக் கேட்கப் பாவலர் இல்லை. ஏறியது மெட்டு, கூலியையும் நிலத்தையும் பாடிய சொல் கீழேயே நின்றுவிட்டது. இது தம்பியின் குறையன்று. திரைக்குத் திரையின் கதை உண்டு. அதற்கேற்ற சொல்லே அங்குப் பொருந்தும். பாவலர் பெயரால் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று திரைப்பட நிறுவனம் அமைத்துத் தம்பியர் தம் நன்றியைக் காட்டினர். ஆயினும் ஒரு புலவனுக்குரிய நினைவுச்சின்னம் அவனுடைய சொல்லே ஆகும்.

பாவலரின் பாட்டுகள் அச்சேறும் நோக்கில் எழுந்தவை அல்ல. ஒரு மாலைப் பொழுதுக்காக, ஓர் ஊருக்காக, ஒரு தேர்தலுக்காகக் கட்டப்பட்டவை. பரப்புரைப் பாட்டு என்று சொல்லி அவற்றை இலக்கியத்துக்குப் புறத்தே நிறுத்துவது எளிது. ஆனால், புரவலன் முன்னின்று, அந்த வேளைக்கும் அந்த அவைக்கும் ஏற்பப் பாடிய பாணர் மரபைப் போற்றும் தமிழுலகம், தெருமுனையில் நின்று மக்களையே புரவலராகக் கொண்டு பாடியவரைப் புறந்தள்ளுதல் முறையாகாது. எதுகையும் இயைபும் ஏட்டில் கற்றோர்க்கே உரியன அல்ல. கூட்டத்தின் முகம் பார்த்து அடியை மாற்றிக் கட்டுவதும் யாப்பறிவின் ஒரு கூறுதான். தாளில் எழுதும் கவிஞர் நாடும் வாசகரைப் பாவலர் நாள்தோறும் நேரில் கண்டார். பிழை நேர்ந்தால் அங்கேயே அறிந்தார்.

இன்று கொடைக்கானல் வானொலி இப்பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கிறது. நாட்டுப்புறப் பாடல் எல்லா நிலையங்களிலும் மதிப்புடன் இடம்பெறுகிறது, ஆர்மோனியமும் மீண்டுவிட்டது. எனினும், 1958இல் பாவலரின் பாட்டைப் பதினைந்து வயதில் கேட்டவர் இன்று எண்பதைக் கடந்தவர். பண்ணைப்புரத்திலும் கோம்பையிலும் போடியிலும் தேவிகுளத்துத் தோட்டக் குடியிருப்புகளிலும் அத்தகைய முதியோர் திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். அவர்கள் நாவில் ஓரடியோ ஈரடியோ எஞ்சியிருக்கக்கூடும். பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தார் அம்முதியோரை நாடிச் சென்று, அவ்வடிகளைக் கேட்டு, மெட்டோடு பதிந்து வைப்பாராயின், அதுவே பாவலருக்குச் செய்யும் சிறந்த கைம்மாறு ஆகும். காலந்தாழ்த்தினால், தடைகளையெல்லாம் மீறி மலை கடந்த அந்தக் குரல், கேட்டவர்களோடு மறைந்துபோகும்.