அரசாங்க வக்கீல் மணி ஐயர்

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சர்க்கார் வக்கீல் என்றாலே ஓர் அச்சம் உண்டு. பிழைப்புத் தேடித் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து, பூமிக்கடியில் பாறை உடைத்த எங்கள் பாட்டன்மாருக்குக் கறுப்பு அங்கி அணிந்தவர் எவராயினும் மேலிடத்து மனிதர்தாம். சர்க்கார் வக்கீல் சர்க்காருக்காகப் பேசுவார், ஏழைக்காகப் பேசமாட்டார். லைன் வீட்டுத் திண்ணைகளில் இதற்கு மறுபேச்சே இருந்ததில்லை. நானும் அந்த எண்ணத்தோடுதான் பல்கலைக்கழகத்திற்கு வந்தேன். மதுரைக்காரர் ஒருவருடைய வரலாற்றைப் படித்த பிறகு அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. சர்க்கார் வக்கீலாகவும், பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்த அவர், எழுபத்து நான்கு வயதில் அதே சர்க்காரின்மீது உலகறியக் குற்றம் சாட்டினார். அவர்தாம் எஸ். சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்பது நாட்டார் அழைத்த பெயர்.

1842 அக்டோபர் முதல் நாள் பிறந்தவர். தந்தையார் இராமநாதபுரம் ஜமீன்தாரின் காரியங்களைக் கவனித்து வந்தவர். பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போதே அவர் மறைந்துவிட்டார். தாயின் வளர்ப்பில் மதுரையிலேயே படிப்பு நடந்தது. படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் போகவில்லை. குமாஸ்தா வேலைக்குப் போனார். குற்ற வழக்குகளை நடத்துவதற்கான தேர்வில் தேறி, மதுரையில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக அமர்ந்தார். அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே, பகல் முழுதும் கச்சேரி, இரவெல்லாம் புத்தகம் என்று மெட்ரிகுலேஷனிலிருந்து தொடங்கிப் படி ஏறி 1868இல் பி.எல். பட்டம் பெற்றார். விடுதியில் விளக்கும் நூலகமும் இருந்தும் தேர்வைக் கண்டு நடுங்கும் நாம் இந்த இடத்தில் சற்றே நாணித்தான் ஆகவேண்டும்.

1869 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மதுரையில் வழக்கறிஞர் தொழில். வருவாய் பெருகியது. ஆனால் தொழிலோடு அவர் நின்றுவிடவில்லை. நகராட்சியிலும் உள்ளூர் ஆட்சிக் குழுவிலும் உறுப்பினராக இருந்து ஊர்க் காரியங்களைப் பார்த்தார். மீனாட்சியம்மன் கோயில் நிர்வாகம் ஒழுங்குபட வேண்டுமென்பதிலும் அக்கறை காட்டினார். ஓர் ஊரின் சாக்கடைக்கும் சாலைக்கும் பொழுதைச் செலவிட்டவரே நாட்டைப் பற்றிப் பேசும் தகுதியுடையவர் என்பது என் எண்ணம்.

1884இல் சென்னைச் சட்டசபையில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு சென்னைக்கே குடியேறினார். அந்த 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியபோது அங்குச் சென்ற 72 பேரில் இவரும் ஒருவர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சட்டசபையில் அமரவேண்டும் என்ற தீர்மானத்தின்மேல் பேசினார்.

மூன்றே ஆண்டுகளில், 1888இல், அதே சுப்பிரமணிய ஐயரைச் சென்னை அரசு தன் வக்கீலாக நியமித்தது. இன்றைய மாணவருக்கு இது வியப்பாக இருக்கலாம். அந்நாளில் சென்னை உயர்நீதிமன்றத்தில் அட்வகேட் ஜெனரல் பதவி ஆங்கிலப் பாரிஸ்டர்களின் கையில் இருந்தது. இந்தியர் ஒருவர், பாஷ்யம் ஐயங்கார், அப்பதவியைத் தற்காலிகமாகவேனும் வகித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான். ஆகவே கவர்ன்மெண்ட் பிளீடர் பதவி ஓர் இந்திய வக்கீலுக்குப் பெரிய ஏற்றம். அரசு வாதியாகவோ பிரதிவாதியாகவோ இருக்கும் வழக்குகளில் அரசின் பக்கத்தை எடுத்துரைப்பது அவர் பொறுப்பு. இங்கேதான் எங்கள் திண்ணைத் தீர்ப்பு தவறுகிறது. அரசின் வக்கீலுக்குக் கட்சிக்காரர் ஆளும் அதிகாரி அல்லர். நீதியாக ஆளப்படவேண்டிய மக்களே. இப்படி நினைப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எனக்கும் விடை தெரியாது.

1895இல் நீதிபதி முத்துசாமி ஐயர் மறைந்தார். அவருடைய ஆசனத்திற்கு மணி ஐயர் வந்தார். 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். திவான் பகதூர், சி.ஐ.இ., கே.சி.ஐ.இ. என்று பட்டங்கள் வரிசையாக வந்தன. 1904இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இந்தியருள் அப்பதவியில் முதல்வர் அவரே. 1907இல் நீதிபதி பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

பெரும்பாலோர் வரலாறு இந்த இடத்தில் முடிந்துவிடும். ஓய்வூதியம், பேரப்பிள்ளைகள், மாலையில் கடற்கரை. மணி ஐயருக்கோ வாழ்வின் கடினமான பகுதி இனிமேல்தான் காத்திருந்தது. அடையாற்றுப் பிரம்மஞான சபையில் அன்னி பெசண்ட் அம்மையாரோடு சேர்ந்து உழைத்தார். 1916இல் அம்மையார் சுயஆட்சிச் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் கௌரவத் தலைவரானார். 1917 ஜூனில் கவர்னர் பெண்ட்லண்டு பிரபு பெசண்ட் அம்மையாரையும் அருண்டேல், வாடியா ஆகிய இருவரையும் காவலில் வைத்தார். நாடு கொதித்தது. முதியவர் ஒருவர் பேனாவை எடுத்தார். அதே மாதம் 24ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி வுட்ரோ வில்சனுக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

அப்பொழுதுதான் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியிருந்தது. மக்களாட்சியைக் காக்கப் போரிடுவதாக வில்சன் உலகிற்குச் சொல்லியிருந்தார். அப்படியானால் இந்தியாவில் மக்களாட்சி எங்கே என்று கேட்டது அக்கடிதம். அந்நியர் ஆட்சியின் கொடுமைகளை எடுத்துக் கூறியது. சுயஆட்சி தருவதாக உடனே வாக்களித்தால் மூன்று மாதத்தில் ஐம்பது லட்சம் பேரும், மேலும் மூன்று மாதத்தில் இன்னோர் ஐம்பது லட்சம் பேரும் போர்முனைக்குப் புறப்படுவார்கள் என்றும் சொன்னது. தபாலில் விட்டால் தணிக்கையில் சிக்கும். எனவே ஹோட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதியர் அதைத் தம்மோடு கொண்டு சென்றனர்.

ஒரு கோடிப் போர்வீரர் என்ற கணக்கை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. அந்த ஒரு கோடியும் யார் வீட்டுப் பிள்ளைகள்? மயிலாப்பூர் வக்கீல்களின் பிள்ளைகள் அல்லர். வயலிலும் சுரங்கத்திலும் உழைத்தோரின் பிள்ளைகளே. அவர்களைக் கேளாமல் அவ்வாக்கைக் கொடுக்க இவருக்கு உரிமை ஏது? இந்தக் குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆயினும் தமக்கென்று அவர் எதையும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

அம்மையார் செப்டம்பரில் விடுதலையானார். டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகும் வைசிராய் செம்ஸ்போர்டும் சென்னை வந்தபோது, கடிதத்திற்காக முதியவரைக் கடிந்து பேசினர். 1918இல் கடிதம் இங்கிலாந்தில் வெளிப்படையாகி, பார்லிமெண்டில் மாண்டேகு அதை இழிவானது என்று கண்டித்தார். ஒரு மன்னிப்புக் கடிதம் போதும், காரியம் முடிந்திருக்கும். மணி ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை. கே.சி.ஐ.இ. பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் வேண்டாமென்று துறந்துவிட்டார். ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து மகாகவி தாகூர் தம் பட்டத்தைத் துறந்தது இதற்கு அடுத்த ஆண்டில்தான்.

1924 டிசம்பர் 5ஆம் நாள் காலமானார். சேப்பாக்கத்தில் செனட் மண்டப வளாகத்தில் அவருக்குச் சிலை உண்டு. விரும்பித் துறந்த பட்டத்தை மட்டும் நாம் இன்னும் விடவில்லை. புத்தகங்களில் அவர் பெயருக்கு முன்னால் இன்றும் சர் என்று அச்சிட்டு வருகிறோம்.