ஏற்றி இறக்கிப் பார்த்த கஸ்தோன் பிளாந்தே

எடிசன், நியூட்டன் பற்றி நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் எழுதுவது கஸ்தோன் பிளாந்தே பற்றி. யாருன்னு கேக்கறீங்களா? லாரி, டிராக்டர், இன்வெர்ட்டரில் இருக்கிற காரீய பேட்டரியைக் கண்டுபிடித்தவர்!

இவர் 1834 ஏப்ரல் 22 அன்று பிரான்ஸ் நாட்டில் ஓர்தேஸ் என்ற ஊரில் பிறந்தார். 1854-ல் பாரிஸில் ஒரு கல்விக்கூடத்தில் இயற்பியல் உதவியாளர் ஆனார். 1855-ல் பாரிஸுக்குப் பக்கத்தில், பறக்க முடியாத ஒரு பெரிய பறவையின் எலும்பைக் கண்டெடுத்தார். அந்தப் பறவைக்கு இவர் பேரைச் சேர்த்து கஸ்தோர்னிஸ் என்றே பெயர் வைத்தார்கள்.

அந்தக் காலத்து பேட்டரி தீர்ந்தா தீர்ந்ததுதான். 1859-ல், 25 வயதில், பிளாந்தே இரண்டு காரீயத் தகடுகளுக்கு நடுவில் ரப்பர் பட்டை வைத்து, பாய் மாதிரி சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்தார். வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். இப்படியே பொறுமையாகச் செய்யச் செய்ய, தகடு அதிக மின்சாரம் பிடித்தது. 1860-ல் 9 செல் சேர்த்து பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் காட்டினார். 1889 மே 21 அன்று காலமானார்.

அவர் பேட்டரியைச் சும்மா விடவில்லை. நாமதான் விடறோம்! மின்சாரம் இறங்கும்போது தகட்டில் காரீய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றினா கரையும். இறங்கியபடியே நாள்கணக்கில் கிடந்தா அது கெட்டியாகி, பிறகு சார்ஜே ஏறாது. 2020 ஊரடங்கில் எங்க அப்பாவோட மினி லாரி ரெண்டு மாசம் ஓடாமல் நின்றது. பேட்டரி செத்துப்போச்சு. வருமானம் இல்லாத நேரத்தில் கடன் வாங்கித்தான் புதுசு போட்டார்.

பிளாந்தேயின் நாட்டில் கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள மோட்டார்ஹோம் வண்டிகள் உண்டு. குளிர்காலம் முழுக்க, கரண்ட் இல்லாத இடத்தில்கூட நிற்கும். அவங்க செய்யறது இதுதான்:

1. முழு சார்ஜ் ஏற்றி நிறுத்தணும்.
2. நெகட்டிவ் வயரைக் கழற்றி வைக்கணும். இல்லன்னா கடிகாரம், அலாரம் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கும்.
3. மாதம் ஒருமுறை வோல்ட் பார்க்கணும். 12 வோல்ட் பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தா முழுசு. 12.4-க்குக் கீழே போனா சார்ஜ் போடணும்.
4. கரண்ட் இல்லாத இடத்தில் சின்ன சோலார் பலகை போதும். நடுவில் கன்ட்ரோலர் கட்டாயம் வேணும். இல்லன்னா சார்ஜ் அளவுக்கு மீறிப் போயிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்ம பள்ளி கம்ப்யூட்டர் அறை பேட்டரியும் மே மாதம் முழுக்கச் சும்மாதான் இருக்கும். தலைமை ஆசிரியர் அனுமதி தந்தால், அறிவியல் ஆசிரியர் முன்னிலையில் நாங்க மூணு பேர் லீவில் வந்து சார்ஜ் போடத் தயார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கம்ப்யூட்டர் வேலை செய்யணும் இல்லையா?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி