தனிச் சட்டைக்காரர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் என்ற பெயரை நம் மன்றத்து நண்பர்களுள் எத்தனை பேர் அறிவர்? கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் எடுத்த ஓட்டங்களை உறக்கத்திற் கேட்டாலும் ஒப்பிப்போம். இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்திய அணியோடு சென்றவர், 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பாராட்டப் பெற்றவர். அவரை மட்டும் மறந்துவிட்டோம். எனக்கும் அவரை அறிமுகம் செய்துவைத்தது ஒரு தோல்விதான்.

சந்திரகிரிக் கோட்டைக்குக் கீழே உள்ள வெளியில் எங்கள் ஊர்ப் பையன்கள் ஞாயிறுதோறும் பந்தாடுவோம். ஒரு கோடையில் வெளியூர்க் குழு ஒன்று வந்து மோதியது. எங்களுக்கு நீலச் சட்டை; எங்கள் கோல்கீப்பருக்கும் அதே நீலம்தான். தனிச் சட்டை வாங்கக் காசு ஏது? ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கார்னர். கோல் வாயில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து எம்பினார்கள். கும்பலுக்குள்ளிருந்து ஒரு கை பந்தைத் தட்டிவிட்டது. அது கோல்கீப்பரின் கை. நடுவரோ பின்வரிசை ஆட்டக்காரனின் கை என்று கருதிப் பெனால்டி கொடுத்துவிட்டார். தோற்றோம். நடுவரைத் திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன். செகந்திராபாத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாத்தா எல்லாவற்றையும் கேட்டார். நடுவர்மேல் பிழையில்லை, சட்டைமேல்தான் பிழை என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு விடாமல் தங்கராஜின் கதையையும் தொடங்கினார்.

கதைக்கு முன் சட்டையைப் பற்றி இரண்டு சொல். களத்தில் நிற்கும் பதினொருவரில் கையால் பந்தைத் தொடும் உரிமை ஒருவருக்கே உண்டு. அந்த ஒருவர் யார் என்பது நடுவருக்குக் கண நேரத்தில் தெரிந்தாக வேண்டும். ஆயினும் 1909 வரை கோல்கீப்பர்களும் தம் அணியினரின் சட்டையையே அணிந்து வந்தனர். அவ்வாண்டில்தான் சிவப்பு, நீலம், வெள்ளை ஆகியவற்றுள் ஒன்றைத் தனியே அணிய வேண்டும் என்று விதி செய்தார்கள். 1912-இல் பச்சையும் சேர்ந்தது. அக்காலத்தில் லீ ரிச்மண்ட் ரூஸ் என்று வேல்ஸ் நாட்டுக் கோல்கீப்பர் ஒருவர் இருந்தார். நம்மைப்போல் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தவர், குறும்புக்காரர். தம் அணியின் பாதிக்களம் முழுவதும் கையால் பந்தைத் தொடலாம் என்றிருந்த விதியைப் பயன்படுத்தி, பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை ஓடிவிடுவார். 1912-இல் அந்த உரிமையைப் பெனால்டி எல்லைக்குள் சுருக்கினார்கள். அவருடைய ஓட்டமே அதற்குக் காரணம் என்பர். பாவம், 1916-இல் போர்க்களத்தில் மாண்டார். இன்றைய விதியில் குறிப்பிட்ட நிறம் எதுவும் கிடையாது. கோல்கீப்பரின் சட்டை மற்ற ஆட்டக்காரர்களின் நிறத்திலிருந்தும் நடுவர்களின் நிறத்திலிருந்தும் வேறுபட்டுத் தெரிந்தால் போதும்.

இனித் தங்கராஜிடம் வருவோம். அவர் 1935-இல் ஐதராபாத்தில் பிறந்தவர். தெலுங்கும் உருதுவும் ஒலிக்கும் தெருக்களில் ஒரு தங்கராஜ்! ஆந்திர மண்ணில் இருந்துகொண்டு தமிழ் மன்றம் நடத்தும் நமக்கு அதில் ஒரு சொந்தம் தோன்றாமலா போகும்? செகந்திராபாத்துக் கழகங்களில் பந்துதைக்கத் தொடங்கி, 1953-இல் இராணுவத்தில் சேர்ந்தார். (நம் சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தை விட்டு ஆந்திர மாநிலத்தில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.) மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடினார்.

தொடக்கத்தில் அவர் கோல்கீப்பரே அல்லர், சென்டர் பார்வர்டு. கோல் போட்டுக் கைதட்டு வாங்கும் இடம் அது. அதை விட்டுப் பின்னால் போய்க் கம்பங்களுக்கிடையே நின்றார். முன்னவர் பத்து வாய்ப்பைத் தவறவிட்டு ஒன்றைப் போட்டாலும் வீரர். பின்னவர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டாலும் குற்றவாளி. எல்லோரும் ஒரே உடுப்பணியும் இராணுவத்திலிருந்து வந்த ஒருவர், களத்தில் மட்டும் தனிச் சட்டைக்காரரானார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் அதற்கென்றே அமைந்தவை போலிருந்தன. 1955-இலும் 1958-இலும் மதராஸ் அணி டியூரண்ட் கோப்பையை வென்றது. 1956-இல் மெல்போர்ன், 1960-இல் ரோம் ஒலிம்பிக். பிறகு கல்கத்தா: முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெருங் கழகங்களுக்கும் ஆடினார். ஒன்றுக்கொன்று ஆகாத மூன்று கழகங்கள்! அம்மூன்றும் அவரை விரும்பி ஏற்றன என்பதே அவர் கைகளுக்குக் கிடைத்த நற்சான்று.

அவர் வாழ்வின் உச்சி 1962, ஜகார்த்தா. ஆசியப் பந்தயத்தில் இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால் அவ்வூர் மக்கள் இந்தியர்மேல் கடுங் கோபத்தில் இருந்தனர். பயிற்சியாளர் ரஹீமோ ஐதராபாத்துக்காரர், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தவர். முந்திய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் காவல் நின்றார். இறுதியாட்டத்துக்குத் தங்கராஜை நிறுத்தினார் ரஹீம். செப்டம்பர் 4, எதிரில் தென் கொரியா. முதற் சுற்றில் அதனிடம்தான் இரண்டு கோல் வாங்கித் தோற்றிருந்தோம். அரங்கு முழுவதும் எதிரிக்கே ஆரவாரம். பி. கே. பானர்ஜி ஒன்று, தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒன்று என முதற்பாதியிலேயே இந்தியா இரண்டு கோல் போட்டது. அதன் பின் காக்க வேண்டியவர் தங்கராஜ். கொரியர்கள் கடைசி நிமிடங்களில்தான் ஒன்று போட முடிந்தது. 2-1, தங்கம் நமக்கு. அடுத்த ஆண்டு ஜூனில் ரஹீம் மறைந்தார்.

1967-இல் அர்ஜுனா விருது பெற்ற தங்கராஜ், 1971-இல் ஆட்டத்திலிருந்து விலகினார். பின்பு பயிற்சியாளராகி, கடைசியில் பொகாரோ எஃகு நகரில் சிறுவர்களுக்குப் பந்தாட்டம் கற்பித்து வாழ்ந்தார். 2008 நவம்பர் 24-இல் அங்கேயே காலமானார். ஜகார்த்தாவுக்குப் பின் ஆசியப் பந்தயக் கால்பந்தில் இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம் 1970-இல் வாங்கிய வெண்கலம் ஒன்றே.